கொச்சியின் பெயர் தாங்கிய புல்

மிளகு, ஏலம், சுக்கு என்று சொன்னவுடன் கொச்சித் துறைமுகம் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் மலைச்சரிவில் தானாக முளைத்துக் கிடந்த ஒரு புல், உலகச் சந்தையில் கொச்சியின் பெயரையே தன் பெயராகத் தாங்கி நின்றது என்பதை அறிந்தோர் குறைவு. எலுமிச்சைப்புல்லே அது. அதிலிருந்து வடிக்கப்படும் எண்ணெய்க்கு அயல்நாட்டு வணிகர்கள் வைத்த பெயர் ‘கொச்சி எண்ணெய்’. அதன் பண்புகளையும் பயன்களையும், அதை நம்பி முதலீடு செய்ய விழைவோர் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

சிறு அங்காடியும் பெருவணிகமும்

மட்டாஞ்சேரியை அடுத்துள்ள கொச்சங்காடி, பெயரிலேயே கடைத்தெருவைக் கொண்டிருக்கும் ஊர்ப்பகுதி. மலையாளத்தில் ‘கொச்சு’ என்றால் சிறியது. ‘அங்காடி’ நமக்குத் தெரிந்த சொல்லே. கொச்சங்காடியில் 1344-45 காலத்தில் யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று இருந்தது. அக்கட்டடம் மறைந்துவிட்டது. அதன் கல்வெட்டு மட்டும், 1568இல் கட்டப்பெற்ற மட்டாஞ்சேரி பரதேசித் தொழுகைக்கூடத்தின் சுவரில் இன்றும் பதிந்திருக்கிறது. கடல் கடந்து வந்த வணிகர்கள் எத்தனை நூற்றாண்டுகளாக இத்துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்தார்கள் என்பதற்கு அக்கல் ஒன்றே போதிய சான்று.

இத்தெருக்களின் பண்டகசாலைகளுக்கு மலையிலிருந்து வந்த சரக்குகளில் புல்தைலமும் ஒன்று. கேரளத்தில் எலுமிச்சைப்புல் எண்ணெயைப் ‘புல்தைலம்’ என்றே அழைக்கின்றனர். புல்லுக்கு இஞ்சிப்புல், தெருவைப்புல் என்னும் பெயர்கள் உண்டு. தமிழகத்தில் எலுமிச்சைப்புல், வாசனைப்புல் என்பர். காவட்டம்புல் என்னும் பழம்பெயர் இவ்வினத்தைச் சேர்ந்த மணப்புற்கள் சிலவற்றுக்கும் பொதுவாக வழங்கி வருகிறது. கன்னடத்தில் இதனை ‘மஜ்ஜிகெ ஹுல்லு’, அதாவது மோர்ப்புல் என்கின்றனர். மோரில் இட்டு மணமேற்றும் வழக்கத்தை அப்பெயர் நினைவூட்டுகிறது. மலேசியாவில் வாழும் நம்மவர் ‘செராய்’ என்ற மலாய்ப் பெயரால் இதனை நன்கு அறிவர்.

புல்லின் அமைப்பு

தாவரவியலார் இப்புல்லைச் சிம்போபோகன் என்னும் பேரினத்தில் சேர்த்துள்ளனர். படகு, தாடி என்னும் பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது அப்பெயர். பூங்கதிரைத் தாங்கும் மடல் படகு போன்றும், கதிரின் மயிர்கள் தாடி போன்றும் தோன்றுவதால் இது பொருத்தமே.

எலுமிச்சைப்புல் பல்லாண்டு வாழும் புல்வகை. தரைக்கடியில் குட்டையான வேர்த்தண்டு அமைந்து, அதிலிருந்து பல தூர்கள் நெருங்கிக் கிளைத்துப் பெரும் புதராக வளர்கிறது. இலைகள் நீண்டு, ஒடுங்கி, ஓரம் சொரசொரப்பாக, நுனி வளைந்து தொங்கும். பூக்கும் தண்டு ஆளுயரத்தையும் தாண்டும். கிளைத்துத் தளர்ந்து தொங்கும் கதிரில் சிறு பூக்கள் இரண்டிரண்டாக அமையும். அவ்விணையில் காம்பற்றது இருபாற்பூ, காம்புள்ளது பெரும்பாலும் ஆண்பூ. மணம் பூவில் இல்லை, இலையில்தான் இருக்கிறது. இலைத்தசையின் நுண்ணறைகளில் எண்ணெய் தேங்கி நிற்பதால், இலையைக் கசக்கியவுடன் அவ்வறைகள் உடைந்து எலுமிச்சையின் மணம் எழுகிறது. எலுமிச்சை மரத்துக்கும் இதற்கும் உறவு ஏதும் இல்லை. இரண்டுக்கும் பொதுவானது ‘சிட்ரால்’ என்னும் மணப்பொருள் மட்டுமே.

எலுமிச்சைப்புல் என்ற ஒரே பெயரில் இரு இனங்கள் நடமாடுகின்றன. முதலாவது, கிழக்கிந்திய எலுமிச்சைப்புல் எனப்படும் சிம்போபோகன் பிளெக்ஸுவோசஸ். மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவுகளில் இயல்பாக வளர்வது. பூத்து விதை தருவது. கொச்சி எண்ணெய்க்கு மூலமானது. இரண்டாவது, மேற்கிந்திய எலுமிச்சைப்புல் எனப்படும் சிம்போபோகன் சிட்ரேட்டஸ். இது அரிதாகவே பூக்கும். தூரைப் பிரித்து நட்டே பெருக்க வேண்டும். அடித்தண்டு பருத்துச் சதைப்பற்றுடன் இருப்பதால் சமையலுக்கு ஏற்றது. நம் வீட்டுத் தொட்டிகளில் தேநீருக்காக வளர்ப்பது பெரும்பாலும் இதுவே. இந்திய, இலங்கை மணப்புற்களைப் பற்றிக் கியூ தாவரவியல் பூங்காவின் ஆட்டோ ஸ்டாப் 1906இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வினங்களைத் தெளிவாக வகைப்படுத்தியது.

கிழக்கிந்தியப் புல்லிலும் செந்தண்டு, வெண்தண்டு என இரு வகைகள் உண்டு. செந்தண்டுப் புல்லின் எண்ணெயில் சிட்ரால் மிகுதி. வெண்தண்டுப் புல்லின் எண்ணெயில் அது குறைவு. விதை வாங்கும் உழவர் இவ்வேறுபாட்டை அறியாவிட்டால், ஆண்டு முழுதும் உழைத்தும் சந்தையில் தாழ்ந்த விலையே பெறுவார்.

கொச்சி எண்ணெய் கண்ட உயர்வு

நல்ல கொச்சி எண்ணெயில் நூற்றுக்கு 70 முதல் 85 பங்கு வரை சிட்ரால் இருக்கும். அது 70 விழுக்காட்டுச் சாராயக் கரைசலில் தெளிவாகக் கரையும். மேற்கிந்திய எண்ணெயில் மிர்சீன் என்னும் பொருள் கணிசமாக இருப்பதால் நாளடைவில் அது தடித்து, கரைதிறன் குன்றும். வாசனைத் திரவியம் செய்வோருக்குக் கரைதிறன் இன்றியமையாதது. ஆகவே கொச்சி எண்ணெயை அவர்கள் விரும்பிக் கேட்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விருப்பத்துக்கு மற்றொரு காரணமும் சேர்ந்தது. 1893இல் ஜெர்மானிய வேதியியலார் டீமன், குரூகர் ஆகிய இருவரும் சிட்ராலிலிருந்து ‘அயோனோன்’ என்னும் பொருளை உருவாக்கினர். அது வயலட் பூவின் மணம் உடையது. இயற்கை வயலட் மணம் மிக விலையுயர்ந்ததாக இருந்த காலம் அது. மலபார்ப் புல்லின் எண்ணெய், ஐரோப்பியச் சோப்புகளிலும் நறுமண நீர்களிலும் வயலட் மணமாக உருமாறியது.

1947இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், ஹாப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் ஆட்டோ இஸ்லர் குழுவினர் வைட்டமின் ‘ஏ’யைத் தொழில்முறையில் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டனர். அதற்குத் தொடக்கப் பொருள் பீட்டா அயோனோன். அயோனோனுக்குச் சிட்ரால் தேவை. சிட்ராலுக்குப் புல்தைலம் தேவை. இவ்வாறு மணத்துக்காக விலைபோன புல், மருந்துத் தொழிலின் மூலப்பொருளாகவும் ஆயிற்று. கொச்சி ராஜ்ஜியத்து மலைகளிலும், திருவிதாங்கூர் மலைகளிலும், மலபாரிலும் செம்பு வாலைகளில் புல் காய்ச்சிய குடும்பங்கள், தாம் வடித்தது எங்கே எந்த உருவில் போய்ச் சேர்ந்தது என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இத்தொழிலுக்கு அறிவியல் துணை வேண்டும் என்பதை உணர்ந்து, 1951இல் பெரும்பாவூருக்கு அருகிலுள்ள ஓடக்காலியில் எலுமிச்சைப்புல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. இன்று அது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நறுமண, மருத்துவப் பயிர் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. அங்கு உருவான ‘சுகந்தி’ என்னும் ஓடி-19 வகை, செந்தண்டு உடையது, பல்வேறு மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் இசைவது, நாடெங்கும் பரவியது.

சரிவும் மீட்சியும்

எந்தப் பொருள் ஒரே ஒரு பயனை நம்பி நிற்கிறதோ, அப்பயனுக்கு மாற்று கிடைத்தவுடன் அது தளர்கிறது. புல்தைலத்துக்கு நேர்ந்ததும் அதுவே. பெட்ரோலிய வேதிப்பொருள்களிலிருந்து சிட்ராலைச் செயற்கையாக ஆக்கும் முறைகள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வளர்ந்தன. வைட்டமின் தொழிலுக்கு இனிப் புல் தேவைப்படவில்லை. குவாதமாலா முதலிய நாடுகளின் எண்ணெய் போட்டிக்கு வந்தது. சீனத்தில் லிட்சியா என்னும் மரத்தின் கனியிலிருந்து சிட்ரால் மிகுந்த எண்ணெய் மலிவாகக் கிடைத்தது. கேரளத்து மலைச்சரிவுகளில் புல் இருந்த இடங்களை ரப்பர் போன்ற பயிர்கள் எடுத்துக்கொண்டன. வாலைகள் பல அணைந்தன.

ஆயினும் புல் அழிந்துவிடவில்லை. இடுக்கி மாவட்டத்து மறையூர், சின்னார்ப் பகுதிகளில் மலைவாழ் மக்கள் புல்தைலம் வடிப்பதை இன்றும் தொழிலாகக் கொண்டுள்ளனர். இலக்னோவில் 1959இல் தோன்றிய நடுவண் நிறுவனம், இன்று சீமாப் என்ற பெயரில், ‘கிருஷ்ணா’ முதலான புதிய வகைகளை வெளியிட்டுள்ளது. அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் 2017இல் தொடங்கிய நறுமணப் பயிர் இயக்கத்தின் வாயிலாக, வறண்ட நிலங்களுக்கும் இப்பயிர் சென்று சேர்ந்தது. இயற்கைப் பொருளையே நாடும் இன்றைய நுகர்வோரின் மனப்போக்கும் இதற்குத் துணை நிற்கிறது. ஆடுமாடுகளும் காட்டு விலங்குகளும் இம்மணப்புல்லை எளிதில் தீண்டுவதில்லை என்பது, மலையோர உழவர்களுக்குச் சிறிய நிம்மதி அன்று.

பயிரும் வாலையும்

விதையை நாற்றங்காலில் இட்டு, நாற்றை மழைத்தொடக்கத்தில் நடுவது வழக்கம். வளம் குன்றிய செம்பொறை மண்ணிலும் சரிவு நிலத்திலும் வளரும். நீர் தேங்கும் இடத்தில் வளராது. வேர்த்தொகுதி மண்ணை இறுகப் பற்றுவதால் அரிப்பைத் தடுக்கிறது. நட்ட ஏறத்தாழ 90 நாளில் முதல் அறுவடை. பின்னர் 45 முதல் 60 நாளுக்கு ஒருமுறை, தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரம் விட்டு அறுக்கலாம். ஐந்தாறு ஆண்டுகள் நல்ல விளைச்சல் தரும். கேரளத்தில் கோடையின் முடிவில், மழைக்கு முன், காய்ந்த தாள்களுக்குத் தீயிட்டுப் புதுத்தூர் எழச் செய்யும் பழக்கமும் உண்டு.

அறுத்த புல்லை ஒரு நாள் வாடவிட்டு வாலையில் அடைப்பர். அடியில் எழும் நீராவி புல்லினூடே சென்று எண்ணெயைச் சுமந்துகொண்டு குளிர்குழாயில் இறங்குகிறது. ஆவி நீராகும்போது எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறது, அதனை இறுத்தெடுப்பர். ஒரு சுற்று இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும். எஞ்சிய சக்கை அடுப்பெரிக்கவும், மூடாக்காகவும், தொழுவுரத்துக்கும் பயன்படுகிறது. எண்ணெயில் ஈரம் தங்கக்கூடாது. ஒளியும் காற்றும் படக்கூடாது. இம்மூன்றும் சிட்ராலைக் கெடுப்பவை. ஆதலால் நிறக்கண்ணாடிப் புட்டியிலோ அலுமினியக் கலத்திலோ விளிம்புவரை நிரப்பி மூடி வைப்பர்.

கடன் கேட்குமுன் ஒரு கணக்கு

புல்தைலத் தொழிலுக்குக் கடன் பெற்று, வாலை ஒன்றை அமைத்துவிட்டால் போதும் என எண்ணுவோர் உண்டு. அவர்களுக்காக ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பச்சைப் புல்லில் நூற்றுக்கு 0.3 பங்கு எண்ணெய் என்று கொள்வோம். ஒரு டன் புல்லுக்கு 3 கிலோ எண்ணெய். நாம் கடையில் வாங்கும் 100 மில்லிலிட்டர் புட்டிக்குள் ஏறத்தாழ 30 கிலோ புல் அடங்கியிருக்கிறது. ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 12 டன் புல் விளைவதாக வைத்துக்கொண்டால், கிடைப்பது 36 கிலோ எண்ணெய். அரை டன் கொள்ளும் வாலையில் அதனைக் காய்ச்சி முடிக்க 24 சுற்றுகள் போதும். நாளொன்றுக்கு இரண்டு சுற்று என்றால், ஆண்டில் 12 நாள் மட்டுமே வாலைக்கு வேலை. மீதி 353 நாளும் அது சும்மா கிடக்கும். வட்டி மட்டும் சும்மா இராது.

அதே வாலையை 20 ஏக்கருக்குப் பொதுவாக்கினால், ஆண்டில் 240 நாள் அது இயங்கும். ஆகவே ஒற்றை ஏக்கர் உடையவர் தனியே வாலை வாங்குவதைவிட, அண்டைப் புலத்தாருடன் சேர்ந்து குழுவாகவோ உழவர் உற்பத்தியாளர் அமைப்பாகவோ வாங்குவதே அறிவுடைமை. அறுவடையையும் முறைவைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லார் புல்லும் ஒரே வாரத்தில் வந்து குவிந்தால், காத்திருக்கும் புல்லில் எண்ணெய் குன்றும்.

இரண்டாவது கணக்கு, விலையைப் பற்றியது. இவ்வெண்ணெயின் மதிப்பு எடையால் மட்டும் அமைவதில்லை. சிட்ரால் அளவாலும் அமைகிறது. நூறு கிலோ எண்ணெயில் 80 விழுக்காடு சிட்ரால் இருப்பதற்கும் 65 விழுக்காடு இருப்பதற்கும் இடையே 15 கிலோ சிட்ரால் வேறுபாடு. பழைய ஆய்வுமுறையில், நீண்ட கழுத்துடைய குடுவையில் 10 மில்லிலிட்டர் எண்ணெயை இட்டு, சோடியம் பைசல்பைட்டுக் கரைசலுடன் சூடேற்றிக் குலுக்குவர். சிட்ரால் கரைந்துவிடும்; கரையாதது கழுத்தில் மிதக்கும். மிதப்பது 2 மில்லிலிட்டர் எனில் சிட்ரால் 80 விழுக்காடு. இன்று கருவிகள் நுட்பமாக வந்துவிட்டன. ஆய்வுச் சான்றிதழ் கையில் இருக்கும் உழவரிடம் வணிகர் பேரம் பேசும் தொனியே வேறாக இருக்கும்.

மூன்றாவது, வாங்குவோரை முன்னரே உறுதிசெய்தல். நட்டபின் சந்தை தேடுவது, பெட்டி பூட்டியபின் சாவி தேடுவதற்கு ஒப்பாகும். கடன் தவணையை அறுவடைக் காலத்தோடு பொருந்துமாறு அமைத்துத் தரும்படி வங்கிக் கிளையில் முதலிலேயே கேட்பதும் நன்று. முதல் அறுவடைக்கே மூன்று மாதம் ஆகும் பயிருக்கு, முதல் மாதமே தவணை தொடங்கினால் சுமை கூடும்.

வீட்டிற்கு வரும் பயன்

அடுக்களையில் எலுமிச்சைப்புல் இட்ட தேநீரும் சுக்குக் காப்பியும் மழைக்காலத்துக்கு இதமானவை. தாய்லாந்தின் புகழ்பெற்ற ‘டாம் யாம்’ சாற்றுக்கு மணம் தருவதும் இதன் தண்டே. சளி, காய்ச்சல், உடல்வலி ஆகியவற்றுக்கு இலையை இட்டுக் காய்ச்சிய நீரில் ஆவி பிடிப்பதும் குளிப்பதும் நாட்டு வழக்கம். வயிற்றுப் பொருமலுக்குக் கஷாயமாகக் குடிப்பதும் உண்டு. எண்ணெய்க்கு நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் இருப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. கேரள இல்லங்களில் தரை துடைக்கும் நீரில் சில துளி புல்தைலம் விடுவது பழகிய செயல். சோப்பு, ஊதுவத்தி, கொசுவிரட்டி ஆகியவற்றிலும் இது இடம்பெறுகிறது.

ஓர் எச்சரிக்கையும் இங்குத் தேவை. புல் வேறு, அதன் எண்ணெய் வேறு. முப்பது கிலோ புல்லின் வீரியம் ஒரு சிறு புட்டியில் திரண்டிருக்கிறது. எண்ணெயை நேரடியாகத் தோலில் தேய்த்தால் எரிச்சலும் ஒவ்வாமையும் உண்டாகலாம். தேங்காயெண்ணெய் போன்றவற்றில் நன்கு நீர்க்கச் செய்தே பூச வேண்டும். கண்ணில் படலாகாது. உட்கொள்ளலாகாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கருவுற்ற மகளிரும், தொடர்ந்து மருந்துண்போரும் மருத்துவரைக் கேட்டபின் பயன்படுத்துவதே முறை. நோய்க்கு மாற்று மருந்தாக இதனைக் கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் தகாது.

புட்டியை அறிந்து வாங்குதல்

சில ஆண்டுகளுக்கு முன், மலைப்பயணம் ஒன்றில் வழியோரக் கடையில் புல்தைலப் புட்டி ஒன்றை வாங்கினோம். மணம் நன்றாகவே இருந்தது. விலையும் மலிவு. வீட்டிற்கு வந்து வெள்ளைத்தாளில் ஒரு துளி விட்டு வைத்தோம். மறுநாளும் அதற்கு மறுநாளும் தாளில் பிசுபிசுப்பான எண்ணெய்க்கறை அப்படியே நின்றது. மணம் போயிற்று, கறை போகவில்லை. நறுமண எண்ணெய் காற்றில் ஆவியாகும் தன்மையது. தேங்காயெண்ணெய் போன்றவை ஆவியாகா. எதனோடு எது கலந்திருந்தது என்பதைத் தாளே சொல்லிற்று. மலிவு கண்டு மகிழ்ந்த நாங்கள், புல்லுக்கு உரிய விலையைத் தராமல் வேறேதோ எண்ணெய்க்கு விலை தந்திருந்தோம்.

கலப்படம் வாங்குவோரை மட்டும் ஏமாற்றுவதில்லை. தூய எண்ணெய் வடிக்கும் மலைவாழ் குடும்பத்தின் விலையையும் அதுவே கீழே இழுக்கிறது. ஆகவே வாங்கும்போது தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், தாவரப் பெயர் ஆகியவை புட்டியில் அச்சிடப்பட்டுள்ளனவா எனப் பார்த்தல் நலம். வெளிர்மஞ்சள் முதல் செம்பழுப்பு வரையான நிறம் இயல்பானது. கூட்டுறவு அமைப்புகள், வனத்துறைசார் விற்பனை நிலையங்கள் போன்ற இடங்களில் வாங்கினால், பணத்தின் பெரும்பகுதி வடித்தவர் கைக்கே சென்று சேர வாய்ப்புண்டு.

துறைமுகத்தின் பெயரால் ஒரு பொருள் அறியப்படுவது எளிதில் வாய்ப்பதன்று. வாங்கியவர் ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்த தரத்தையே பெற்றதால்தான் ‘கொச்சி எண்ணெய்’ என்னும் பெயர் நிலைத்தது. செயற்கைச் சிட்ரால் அதன் சந்தையைச் சுருக்கியது, நற்பெயரை அழிக்கவில்லை. அப்பெயரைக் காப்பது இனி வடிப்பவர், விற்பவர், வாங்குபவர் ஆகிய மூவரின் கையிலும் இருக்கிறது.

இடம் உள்ள வாசகர்கள், தெரிந்தவர் வீட்டுப் புதரிலிருந்து வேரோடு ஒரு தூரைப் பிரித்து வாங்கி, வெயில்படும் இடத்தில் ஒரு தொட்டியில் நட்டுப் பாருங்கள். நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். சில மாதங்களில் தேநீருக்கு வேண்டிய தாள் கிடைக்கும். அடுத்த ஆண்டு அப்புதரிலிருந்து நீங்களும் ஒரு தூரைப் பிரித்து, அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம்.